சாக் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில்: ஸ்டன்ட் என்றால் என்ன?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் போல் 59-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாய்வது) பண்ணாமலே, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் பந்தை வீசும் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தது, அதாவது வீசுவதற்குள் வீழ்த்தியது என்கிறார்கள். வெறும் நாலு பேர் ஐந்து பேரை எப்படி உடைக்கிறார்கள்? வர்ணனையில் அடிக்கடி வரும் ஸ்டன்ட், ட்விஸ்ட் எல்லாம் என்ன?

பதில்:

முதலில் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்டன்ட் என்றதும் நமக்கு ஸ்டன்ட் மாஸ்டரும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கிற ஹீரோவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. தடுக்கும் தரப்பான டிஃபென்ஸின் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர், ஸ்நாப் ஆனபிறகு, அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்குப் போய் ஆட்டம் தொடங்கியபிறகு, வழியை மாற்றிக்கொண்டு ஓடுவதுதான் ஸ்டன்ட். இவர் போகவேண்டிய வழியில் அவர், அவர் வழியில் இவர். ட்விஸ்ட், கேம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதையேதான்.

உங்கள் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் பந்து வைத்திருக்கும் தரப்பான ஆஃபென்ஸுக்கு ஒரு ஆள் உபரி. ஆனால் அந்த உபரி ஆள் ஒரே ஒரு இடத்தில்தான் கைகொடுக்க முடியும். பெரும்பாலும் நடுவில் நிற்கும் சென்டர்தான் அந்த உபரி. இரண்டு பக்கத்தில் எது ஆபத்தோ அந்தப் பக்கம் சாய்வார். மற்றவர்களுக்கு ஒண்டிக்கு ஒண்டிதான். அந்த ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையின் நடுவில் சட்டென்று எதிராளியை மாற்றிவிடுவதுதான் ஸ்டன்டின் வேலை. நீங்கள் ஒருவரோடு மல்லுக்கு நிற்கத் தயாராகி, காலை ஊன்றி, கையை நீட்டும் நேரத்தில் அவர் உங்களை விட்டுவிட்டு உங்கள் பக்கத்து ஆளின் விலாவில் போய் மோதுகிறார். இப்போது யார் யாரைப் பிடிப்பது? முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடையாது.

வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆஃபென்ஸில் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரத்தில் டேக்கிள்கள். இந்த ஐந்து பேர்தான் குவாட்டர்பேக்குக்கு மதில். டிஃபென்ஸில் பாஸ் (பந்து வீச்சு) வரும் என்று தெரிந்த சமயத்தில் வழக்கமாக நாலு பேர் பாய்வார்கள்: உள்ளே இரண்டு டிஃபென்ஸிவ் டேக்கிள், வெளியே இரண்டு எண்ட். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு 'ஏ', கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் 'பி', டேக்கிளுக்கு வெளியே 'சி'. இரண்டு தரப்பிலும் டேக்கிள் என்றே பெயர் இருப்பது குழப்பம்தான். அதனால் கீழே டிஃபென்ஸ்காரரை டி.டி. என்றே எழுதுகிறேன்.

சரி, இப்போது ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு யார்டு வேண்டும். ஓடிக் கடக்கிற தூரமில்லை, வீசியே ஆகவேண்டும் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆஃபென்ஸின் இடதுபக்கத்தைப் பாருங்கள். இடது டேக்கிளின் வெளித்தோளுக்கு நேரே எண்ட் நிற்கிறார். இடது கார்டின் வெளித்தோளுக்கு நேரே டி.டி. நிற்கிறார், இந்த இடத்துக்கு 3-டெக்னிக் என்று பெயர்.

ஸ்நாப். எண்ட் முழு வேகத்தில் நேராக முன்னால் பாய்கிறார், ஓரம் சுற்றி வரப்போகிறவர் மாதிரி. டேக்கிளுக்கு வேறு வழியில்லை. பின்னால் சறுக்கிச் சறுக்கி, தோளை வெளிப்பக்கம் திருப்பி, அவரை மறிக்கத் தயாராகிறார். கார்டு அந்த அளவு பின்னால் போகமாட்டார். ஓரடி எடுத்து வைத்துத் தனக்கு நேரே இருக்கும் டி.டி.யைக் கைநீட்டி எதிர்பார்க்கிறார். ஆனால் டி.டி. அவர்மேல் வரவில்லை. குறுக்கே, பி இடுக்கு வழியாக, டேக்கிளின் உள்விலாவைப் பார்த்துப் பாய்கிறார். தன் ஆள் போகிறாரே என்று கார்டு பின்னாலேயே போகிறார். வெளியே பார்த்துக்கொண்டிருந்த டேக்கிளுக்குப் பார்க்காத பக்கத்திலிருந்து நூற்று முப்பது கிலோ வந்து விழுகிறது. அதே நொடியில் எண்ட் வெளிக்காலை ஊன்றித் திரும்புகிறார். டி.டி.யின் முதுகை உரசுகிற மாதிரி, அவர் விட்டுப்போன பாதையில், கார்டு காலிசெய்த இடத்துக்குள் நுழைகிறார். எதிரே யாருமில்லை. ஏழு யார்டு தள்ளி குவாட்டர்பேக், கண் முழுக்க, பந்தைப் பிடிக்கத் தொலைவில் ஓடும் ரிசீவர்மேல்.

இதுதான் டி-இ ஸ்டன்ட். டி.டி. முதலில், எண்ட் இரண்டாவது. மொத்தமும் மூன்று விநாடிக்குள். முதலில் குத்தித் துளைக்கிறவருக்குப் பெனிட்ரேட்டர், சுற்றி வருகிறவருக்கு லூப்பர் என்று பெயர்.

இதில் நுணுக்கம் எங்கே என்றால், லூப்பர் எவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறார் என்பதில் இருக்கிறது. வாழைப்பழம் மாதிரி அகலமாக வளைந்து வந்தால் போகவேண்டிய தூரம் இரட்டிப்பாகும், அவர் வந்து சேர்வதற்குள் பந்து பறந்திருக்கும். அப்புறம், முதல் இரண்டடி நிஜமான பாய்ச்சலாக இருக்கவேண்டும். ஸ்நாப் ஆனவுடனேயே தயங்கி, 'நான் உள்ளே வரப்போகிறேன்' என்று உடம்பால் சொல்லிவிட்டால் டேக்கிள் பின்னால் போகவேமாட்டார். பள்ளிக்கூட அணி ஒன்றின் பயிற்சிக்குச் சில காலம் உதவிக்குப் போயிருந்தேன். அங்கே முதல் வாரம் பையன்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் அதிகம். யார் முதலில், யார் பிறகு என்பது உடம்பில் ஊற அவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

பெனிட்ரேட்டரை வெறும் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாய்ச்சலும் உண்மையானது. லூப்பர் வருவார் என்று மோப்பம் பிடித்துக் கார்டு நின்ற இடத்திலேயே காத்திருந்தால், டேக்கிளும் எண்டையே பார்த்துக்கொண்டிருந்தால், குறுக்கே பாய்ந்த டி.டி. நேராகக் குவாட்டர்பேக்கிடம் போய்விடுவார். ஆக ஆஃபென்ஸுக்கு இது இருதலைக் கொள்ளி. ஒருவரை விட்டால் இன்னொருவர்.

ஆஃபென்ஸ் சும்மா இருக்குமா? அதற்கும் மருந்து இருக்கிறது, ஆளைக் கைமாற்றிவிடுவது. குறுக்கே போகும் டி.டி.யைக் கார்டு கையால் தள்ளி டேக்கிளிடம் ஒப்படைப்பார். உடனே பார்வையை உள்ளே திருப்பிச் சுற்றி வரும் எண்டை வாங்கிக்கொள்வார். எண்டைத் துரத்தாமல் டேக்கிள் உள்ளே வருகிற டி.டி.யை ஏற்றுக்கொள்ளவேண்டும். லைன் பயிற்சியாளர்கள் எல்லோரும் கத்திக் கத்திச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: உன் ஆள் காரணமில்லாமல் உன்னை விட்டு விலகிப்போனால் சந்தேகப்படு, இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் கைமாற்ற ஒரு நிபந்தனை உண்டு. கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் நிற்கவேண்டும். டேக்கிள் இரண்டு யார்டு பின்னால், கார்டு முன்னால் என்று படிக்கட்டு மாதிரி நின்றால், அந்தப் படியில்தான் லூப்பர் நுழைவார். எண்டின் முதல் இரண்டடிப் பாய்ச்சல் அந்தப் படியை உண்டாக்கத்தான். டி.டி.யின் மோதல் அதை மறுபடி சமமாக்க விடாமல் தடுக்கத்தான்.

இதை வைத்துப் பார்த்தால், நல்ல ஸ்டன்டில் முக்கால்வாசி வேலை பெனிட்ரேட்டருடையது என்றே சொல்வேன். புள்ளிவிவரத்தில் சாக் என்று ஏறுவது என்னவோ லூப்பர் பெயரில்.

இதற்கு என் கண்முன் நிற்கும் உதாரணம் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியின் இரண்டு ஸ்மித்கள். உறவில்லை, பெயர்தான் ஒன்று. ஜஸ்டின் ஸ்மித் உள்ளே, வயதில் மூத்தவர், முரட்டு பலம். ஆல்டன் ஸ்மித் வெளியே, இளைஞர், நீண்ட கை, வேகம். ஜஸ்டின் குறுக்கே போய் டேக்கிளையும் கார்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைக்க, ஆல்டன் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவார். 2012 நவம்பர் 19, திங்கள் இரவு ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக ஆல்டன் எடுத்தது ஐந்தரை சாக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). 13 ஆட்டங்கள் முடிந்தபோது அவர் கணக்கில் 19.5. மைக்கேல் ஸ்ட்ராஹன் 2001-இல் வைத்த 22.5 என்ற அன்றைய சாதனைக்கு மூன்றுதான் பாக்கி, மூன்று ஆட்டங்களும் கையில் இருந்தன.

டிசம்பர் 16 அன்று நியூ இங்கிலாந்தில் நடந்த ஆட்டத்தின் நடுவில் ஜஸ்டின் ஸ்மித் கையில் காயம் பட்டு வெளியேறினார். ஆல்டனின் எண்ணிக்கை 19.5-லேயே நின்றுவிட்டது. சீசன் முடிந்து, பிளேஆஃப் முடிந்து, சூப்பர் போலும் முடிந்தது; ஒரு சாக்கூட வரவில்லை. ஆல்டனுக்கும் தோளில் தொந்தரவு இருந்தது, சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதனால் பழி முழுவதையும் ஒரே காரணத்தில் போடக்கூடாது. ஆனாலும் அந்த வருடம் ஜஸ்டின் ஸ்மித் பெயரில் இருந்த சாக் எத்தனை தெரியுமா? மூன்று. மற்றவருக்கு 19.5 கிடைக்கக் காரணமாக இருந்தவருக்கு மூன்று.

ஜஸ்டின் மோதினாரா, பிடித்தாரா என்ற வாதம் அவர் காலத்தில் ஓயவே இல்லை. விதிப்படி, கூட்டாளிக்கு வழிவிட பிளாக்கரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அது டிஃபென்ஸிவ் ஹோல்டிங்: ஐந்து யார்டு தண்டம், தானாக முதல் டவுன். ஆனால் அந்த நெரிசலில் யார் கை யார் சட்டையில் என்று நடுவருக்குத் தெரிந்தால்தானே.

இந்தக் கூட்டணி வித்தை புதிதல்ல. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் இடதுபக்கத்தில் டீக்கன் ஜோன்ஸ் எண்டாகவும் மெர்லின் ஓல்சன் டி.டி.யாகவும் நின்று இதைத்தான் செய்தார்கள். சாக் என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவரே டீக்கன் ஜோன்ஸ்தான். எதிரணி லைன்மேன்களை ஒரு சாக்குமூட்டையில் போட்டுக் கட்டி பேஸ்பால் மட்டையால் அடிப்பது போல என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னதுண்டு. நம் ஊர் சாக்கும் அந்த சாக்கும் ஒன்றுதான் போலும். கொடுமை என்னவென்றால், சாக்கை லீக் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982-இல். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இன்னொரு ஆயுதம், எதிராளியின் தலைக்கவசத்தில் ஓங்கி அறைவது. 1977-இல் அதைத் தடைசெய்தார்கள். அடுத்த வருடமே பிளாக்கர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். தனியாளாகப் பாய்கிறவருக்கு அன்று முதல் வேலை கஷ்டமாகிவிட்டது. இருவர் சேர்ந்து செய்யும் வித்தைக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை.

டி-இ ஸ்டன்டைத் திருப்பிப்போட்டால் இ-டி. எண்ட் முதலில் உள்ளே வெட்டி கார்டின் வெளித்தோளில் மோதுவார், டி.டி. ஓரடி பாவ்லா காட்டிவிட்டு வெளியே சுற்றுவார். வேகமான எண்டைப் பயந்து அளவுக்கு மீறி வெளியே சறுக்குகிற டேக்கிளுக்கு இது நல்ல மருந்து. குறை என்னவென்றால், ஓரத்தைக் காக்கும் பொறுப்பு இப்போது கனத்த உடம்புக்கார டி.டி.யிடம் வந்துவிடுகிறது. ஓடத்தெரிந்த குவாட்டர்பேக் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இரண்டு டி.டி.களும் தங்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மாறிக்கொள்வது டி-டி; ஒருவர் சென்டரின் முகத்துக்குக் குறுக்கே வெட்ட, மற்றவர் பின்னால் சுற்றுவார். சாக் குறைவாகத்தான் வரும், ஆனால் குவாட்டர்பேக்கின் காலடியில் நெருக்கடி வரும். முன்னால் அடியெடுத்து வீசப் பழகியவர்களுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு அணி டெக்ஸ் என்பதை இன்னொரு அணி வேறு ஏதாவது சொல்லும். பெயரைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் ஸ்டன்ட் விடுவது என்பதுதான் பயிற்சியாளரின் மூளைக்கு வேலை. ஆஃபென்ஸ் வரிசை காப்பதற்கு இரண்டு முறை உண்டு. ஒன்று ஆளுக்கு ஆள்: உனக்கு இவர், எனக்கு அவர். இன்னொன்று சறுக்கு: எல்லோரும் ஒரே பக்கம் ஓரடி நகர்ந்து, ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடுக்கைக் காப்பது. சறுக்கும் பக்கத்தில் ஸ்டன்ட் விட்டால் வீண். யார் எங்கே ஓடினால் என்ன, என் இடுக்குக்குள் வருகிறவரை நான் பிடிக்கிறேன் என்று நிற்பார்கள், வித்தை தானாகக் கரைந்துவிடும். ஆளுக்கு ஆள் பிடிக்கும் பக்கத்தில் விட்டால்தான் முடிச்சு விழும். நடைமுறையில் பல அணிகள் பாதி சறுக்கு, பாதி ஆளுக்கு ஆள் என்று கலந்துதான் காக்கின்றன. சென்டர் எந்தப் பக்கம் போகிறாரோ அது சறுக்கு, மறுபக்கம் ஆளுக்கு ஆள். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் எங்கே நிற்கிறார், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் யாரைச் சென்டர் கைநீட்டிக் காட்டுகிறார், போன ஆறு ஆட்டங்களில் இதே சூழ்நிலையில் எந்தப் பக்கம் சறுக்கினார்கள் என்பதையெல்லாம் வாரம் முழுக்க வீடியோ பார்த்து ஊகித்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

நாலு பேர் நெருக்கடி என்றதும் என் தலைமுறை ரசிகர்கள் சொல்வது 2008 பிப்ரவரி 3, அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் போல் 42. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதுவரை ஆடிய 18 ஆட்டங்களிலும் ஜெயித்து வந்திருந்தது. வழக்கமான சீசனில் மட்டும் 589 புள்ளிகள், அன்றைக்கு அது சாதனை. அதன் குவாட்டர்பேக் டாம் பிரேடி அந்த 16 ஆட்டங்களிலும் சேர்த்து 21 முறைதான் சாக் ஆகியிருந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸின் டிஃபென்ஸ் பொறுப்பில் இருந்தவர் ஸ்டீவ் ஸ்பக்னோலோ. அவர் செய்த முக்கியமான காரியம், எண்டாக வளர்ந்த ஜஸ்டின் டக்கைப் பாஸ் சமயங்களில் உள்ளே கொண்டுவந்து கார்டுக்கு நேரே நிறுத்தியது. கார்டு என்பவர் பலசாலி, ஆனால் ஓரத்தில் ஆடும் டேக்கிள் அளவுக்குக் கால் வேகம் இருக்காது. வெளியே ஸ்ட்ராஹன் ஒரு பக்கம், ஓசி உமென்யோரா மறுபக்கம். எண்டின் வேகமுள்ளவர் உள்ளேயும் நின்றால், ஸ்டன்டில் யார் துளைப்பது, யார் சுற்றுவது என்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கனத்த டி.டி.யை லூப்பராக வைக்கும் சங்கடமே இல்லை.

அன்று பிரேடி ஐந்து முறை விழுந்தார். டக் பெயரில் இரண்டு. அதில் ஒன்று முதல் பாதி முடிகிற நேரத்தில் பந்தையே தட்டிவிட்டது, உமென்யோரா அதன்மேல் விழுந்து அமுக்கினார். மூன்றாவது கால்பகுதியில் ஸ்ட்ராஹனின் சாக் பேட்ரியட்ஸை நான்காவது டவுன், 13 யார்டு என்ற நிலைக்குத் தள்ளியது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அடிக்கிற தூரத்தில் இருந்தும் பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்செக் வீசச் சொன்னார், கிடைக்கவில்லை. ஜயன்ட்ஸ் ஜெயித்தது மூன்றே புள்ளியில், 17-14. எல்லாமே நாலு பேர் வேலை என்று சொல்லிவிட முடியாது, லைன்பேக்கர் கவிக்கா மிட்செல் பிளிட்ஸில் வந்து எடுத்த சாக்கும் அதில் அடக்கம். ஆனால் அன்று பிரேடியின் கால் ஆட்டம் முழுக்க நிலைகொள்ளவே இல்லை. அதைச் செய்தது முன்வரிசை.

இப்போது நீங்கள் கேட்ட ஆட்டத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். ஈகிள்ஸ் 40, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 22. பாதி நேரத்தில் 24-0. ஈகிள்ஸின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை என்பது உண்மை. ஜோஷ் ஸ்வெட்டுக்கு இரண்டரை சாக், மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு. இதற்கு ஸ்டன்ட் மட்டுமே காரணம் என்று நான் சொன்னால் அது மிகை. அன்று பாதிக்கு மேல் அசல் ஆள்பலம். சீஃப்ஸுக்கு இடது டேக்கிள் சரியாக அமையாமல், கார்டான ஜோ துனியை ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அவர் லீக்கின் மிகச் சிறந்த கார்டுகளில் ஒருவர், ஆனால் ஓரத்தில் நின்று ஸ்வெட்டின் வேகத்துக்குச் சறுக்குவது வேறு தொழில். அவரை நகர்த்தியதால் கார்டு இடமும் பலவீனமானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் பழகாத இடத்தில் நிற்கும்போது, நான் மேலே சொன்ன கைமாற்றும் வேலை இருக்கிறதே, அதுதான் முதலில் கெடும். அது பல வருடம் சேர்ந்து நின்று வாய்வார்த்தை இல்லாமலே வருகிற பழக்கம்.

நான்கு வருடம் முன்னாலும் சீஃப்ஸுக்கு இதே கதைதான். 2021 பிப்ரவரி 7, டாம்பாவில் நடந்த சூப்பர் போல். இரண்டு டேக்கிள்களும் காயத்தில் வெளியே, வரிசையில் ஒருவருக்கும் சொந்த இடம் கிடையாத மாதிரி மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். எதிரணியான டாம்பா பே பக்கனியர்ஸின் டிஃபென்ஸ் பொறுப்பில் இருந்த டாட் போல்ஸ் பிளிட்ஸுக்குப் பெயர்போன ஆள். அன்று அதைப் பெரும்பாலும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாலு பேரை அனுப்பி ஏழு பேரைப் பின்னால் நிறுத்தினார். பக்கனியர்ஸ் 31, சீஃப்ஸ் 9. மஹோம்ஸ் அன்றைக்கு வீசியதைவிட ஓடியதுதான் அதிகமாகக் கண்ணில் பட்டது. வேடிக்கை என்னவென்றால், 2008-இல் பிரேடியை நாலு பேரை வைத்துக் கலங்கடித்த அதே ஸ்பக்னோலோதான் 2021-இலும் 2025-இலும் சீஃப்ஸின் டிஃபென்ஸ் பொறுப்பில் இருந்தார். தன் வித்தை தன் அணியின் குவாட்டர்பேக்மேல் பாய்வதை ஓரத்தில் நின்று இரண்டு தடவை பார்த்தார்.

பின்னால் ஏழு பேர் என்பதுதான் முக்கியம். லூப்பர் சுற்றி வர நேரம் வேண்டும். இந்தக் காலத்துக் குவாட்டர்பேக் சராசரியாக இரண்டே முக்கால் விநாடிக்குள் வீசிவிடுகிறார். மூன்றடி பின்வாங்கி உடனே வீசுகிற ஆட்டமாக இருந்தால் லூப்பர் பாதி வழியில் நிற்பார். அதனால் முதலில் பார்க்கும் ரிசீவரைப் பின்வரிசை மூடி, குவாட்டர்பேக்கை ஒரு தடவையாவது பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டாவது ஆளைத் தேட வைக்கவேண்டும். அந்த ஒரு தட்டலுக்குள்தான் எண்ட் உள்ளே வந்துவிடுவார். பிளிட்ஸ் இதற்கு நேர் எதிர்: ஐந்து, ஆறு பேரை அனுப்பி நேரத்தைக் குறைக்கிறோம், பதிலுக்குப் பின்னால் ஓட்டை விழுகிறது. மஹோம்ஸ் மாதிரி ஒருவருக்கு அந்த ஓட்டையைக் காட்டுவது கோழிக்குத் தானியம் காட்டுவது போல.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. பயிற்சியாளர் டிக் லெபோ பிரபலப்படுத்திய ஸோன் பிளிட்ஸில், வெளியிலிருந்து ஒரு லைன்பேக்கரோ, ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்கோ பாய்வார், முன்வரிசையில் ஒருவர் பாய்வது போல நின்று பின்னால் நழுவிவிடுவார். இன்று இன்னும் ஒருபடி மேலே போய், ஆறு பேர் வரிசையில் வந்து நின்று பயம் காட்டி, பாய்வது நாலே பேர், ஆனால் எந்த நாலு பேர் என்று கடைசிவரை தெரியாது. கூடவே ஒரு ஸ்டன்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் சென்டர் பாவம், யாரைக் காட்டிக் கத்துவது என்றே புரியாது.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டன்ட் என்றால் இரண்டு பேர் தங்கள் இடுக்கைக் கொஞ்ச நேரம் காலியாக விடுகிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சமயம் பார்த்து ஆஃபென்ஸ் டிரா விட்டால், அதாவது வீசப்போவது போல் நின்று ரன்னிங் பேக் கையில் பந்தைத் திணித்தால், ஓடுவதற்குச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் முதல் டவுனில் இதை அதிகம் பார்க்கமாட்டீர்கள். லமார் ஜாக்சன் போன்ற ஓட்டக்காரக் குவாட்டர்பேக் எதிரே நிற்கும்போது பல அணிகள் ஸ்டன்டைக் குறைத்துக்கொண்டு, நாலு பேரும் கூண்டு மாதிரி மெதுவாக நெருங்குவார்கள். சாக் வராவிட்டாலும் பரவாயில்லை, தப்பிக்க வழி கொடுக்காதே என்று. 2022 சீசனில் ஈகிள்ஸுக்கு 70 சாக். அந்தப் படை சூப்பர் போல் 57-இல் இதே மஹோம்ஸுக்கு எதிராக ஒரு சாக்கூட எடுக்கவில்லை. கணுக்கால் வலியோடு ஆடியவர், கடைசிக் கட்டத்தில் முன்வரிசைக்கு நடுவில் திறந்த வழியாக 26 யார்டு ஓடினார். சீஃப்ஸ் 38-35-இல் ஜெயித்தது.

டிவியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்றாவது டவுன், ஏழு யார்டுக்கு மேல் என்றால் பந்தைப் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்துக் கார்டையும் டேக்கிளையும் மட்டும் பாருங்கள். ஸ்நாப்புக்கு முன்னால் சில தடயங்கள் கிடைக்கும்: எண்ட் வழக்கத்தைவிட அரையடி பின்னால் நிற்பார், அல்லது தரையில் ஊன்றிய கையில் பாரம் இருக்காது, விரல் நுனிகூட வெளுக்காது, டி.டி. ஒரு கணம் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்ப்பார். ஸ்நாப்புக்கு அப்புறம் கார்டின் முதுகு டேக்கிளின் முதுகில் இடித்தால் ஸ்டன்ட் வேலைசெய்துவிட்டது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கதவு மாதிரி ஆளை மாற்றி வாங்கிக்கொண்டால் செய்யவில்லை. சாக் விழுந்ததும் கேமரா எண்டையும் அவர் போடுகிற ஆட்டத்தையும்தான் காட்டும். ரீப்ளே வரும்வரை பொறுத்து, கீழே இரண்டு பிளாக்கர்களுக்கு அடியில் கிடந்து மெதுவாக எழுந்துவருகிறவரைப் பாருங்கள்.